ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஆபீஸ்

“முடியாதும்மா” என்றார் மேடம். சொன்ன கையோடு எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். கேட்டதை மறுத்துவிட்டு டீ வாங்கிக் கொடுக்கும் அதிகாரிகளிடம் நான் எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பேன். கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாமல் செய்துவிடுவார்கள்.

கடலூரில் நான் கறுத்த தலையோடு வேலைக்குச் சேர்ந்து, நரைத்த தலையோடு வெளியே வந்த அலுவலகத்தின் அதிகாரி அறை அது. என்ன துறை, எந்தத் தெரு என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஓய்வூதியம் வாங்கிச் சாப்பிடுகிறவள், எனக்கு எதற்கு வம்பு? பட்டா, நில அளவை, பெயர் மாற்றம் என்று ஜனங்கள் கையில் மனுவோடு வந்து போகும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். அதே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என் சிநேகிதி. நான் கத்தினால் அவள் அமைதியாக இருப்பாள், அவள் கத்தினால் நான் இன்னும் கத்துவேன். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது.

அலுவலகம் புதுக் கட்டிடத்துக்குப் போகிறது, பழையதைப் பூட்டப் போகிறார்கள். இடிப்பார்களா, பழுது பார்ப்பார்களா என்று அந்தக் கட்டிடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. பூட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கூடத்தில் ஒரு மணி நேரம் நன்றி ஜெபம் நடத்த வேண்டும். இந்தக் கூடத்தில் பல வருஷம் ஒரு சபை ஆராதனை செய்தது என்று சுவரில் ஒரு சின்னக் கல் வைக்க வேண்டும். எஸ்தர் கேட்டது இந்த இரண்டும்தான்.

“கவர்மென்ட் பில்டிங்ல ஜெபத்துக்கு நான் எப்படிம்மா பர்மிஷன் குடுக்கறது?” என்றார் மேடம். “நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்னொண்ணு கேப்பாங்க. கல்லு வக்கறதுன்னா மேல எழுதிக் கேக்கணும். பதில் வர்றதுக்குள்ள செவுரே இருக்குமோ இருக்காதோ.”

மேடத்துக்கு முப்பது சொச்சம் வயது இருக்கும். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித்தோப்புக் குடும்பம். ஊரிலிருந்து கொண்டுவந்த பலாப்பழம் ஒன்று அறையின் மூலையில் சாக்கு மேல் இருந்து அலுவலகம் முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும்.

‘அப்போ வருஷா வருஷம் இதே கூடத்தில் பொரியும் சுண்டலுமாக ஆயுத பூஜை நடக்கிறதே, அதற்கு யார் மேலே எழுதிக் கேட்டார்கள்?’ என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எஸ்தருக்கு என்னைத் தெரியும். மேசைக்குக் கீழே என் காலை நன்றாக மிதித்தாள். டீயைக் குடித்தேன்.

### ரெண்டு வாரத்துக்கு மட்டும்

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் எஸ்தரின் பிடிவாதம் புரியும்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில் ஒரு சின்னக் கோவில் இருந்தது. கிறிஸ்தவக் கோவில்தான், கடலூரில் அவர்களும் கோவில் என்றுதான் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில வருஷம் முன்னால் அடித்த புயலில் அதன் கூரை அப்படியே கழன்று போய்விட்டது. கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கெல்லாம் வயசுக்கு ஒரு புயல் உண்டு.

சபையின் உபதேசியார் பெயர் ஆபிரகாம். உபதேசியார் என்றால், பெரிய போதகர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து போக, மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர். அவர் அப்போதிருந்த அதிகாரியிடம் வந்து நின்றார். கூரை போடும்வரை கூடத்தைத் தர முடியுமா என்று கேட்டார். அந்த அதிகாரியின் வீட்டுக் கூரையும் அதே புயலில் போயிருந்தது. “ரெண்டு வாரத்துக்கு மட்டும்” என்று சம்மதித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த இரண்டு வாரம் சில வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் மாறினார்கள். வருகிற ஒவ்வொருவரும், போனவர் ஏதோ உத்தரவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அப்படி ஒரு உத்தரவே கிடையாது. அரசாங்கத்தில் ஒரு காரியம் இரண்டு தடவை நடந்துவிட்டால் மூன்றாவது தடவை அது வழக்கம்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து கதவைத் திறந்து, முடிந்ததும் பூட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாணம் ஆகாதவள், பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறவள், எல்லோருக்கும் இளையவள் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. புவனகிரியில் இருந்த என் அம்மாவுக்கு அதைக் கேட்டதும் ஒரே ஆத்திரம்.

“ஞாயித்துக்கெழம கூடவா ஆபீசு? என்னா உத்தியோகம்டி இது?”

“ஆபீசுதாம்மா. கொஞ்சம் பாட்டும் இருக்கும்” என்றேன்.

### ஜன்னல் சாத்தினால் ஆமென்

சனிக்கிழமை மாலை ஃபைல் கட்டுகளை எல்லாம் சுவரோரம் அடுக்கி, குழந்தைகள் கை படாமல் பழைய பெட்ஷீட் போட்டு மூடுவோம். ஞாயிறு காலையில் சபையார் கோரைப்பாயோடு வருவார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். பழைய காகிதமும் நாப்தலின் உருண்டையும் மணக்கிற கூடத்தில், மல்லிகைப் பூவும் தேங்காய் எண்ணெயும் பவுடரும் வந்து கலந்துவிடும். அந்த வாசனையை நான் அதற்கப்புறம் எங்கேயும் முகர்ந்ததில்லை.

உபதேசியார் சைக்கிளில் வருவார். வேட்டி, வெள்ளை ஜிப்பா, சைக்கிள் கம்பியில் மாட்டிய பையில் வேதப்புத்தகம். அவர்கள் கோவில் மணி புயலில் விழுந்து கீறல் விட்டிருந்தது. அதனால் அதிகாரி மேசையில் பியூனைக் கூப்பிட வைத்திருந்த அழுத்து மணியைத் தட்டித்தான் ஆராதனையைத் தொடங்குவார். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டதும் நான் பதறிக்கொண்டு எழுந்து உள்ளே ஓடினேன். சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

நல்ல மனுஷர். ஆனால் பிரசங்கத்தை முடிக்கத் தெரியாது. ஆதியாகமத்தில் ஆரம்பித்தார் என்றால், நடுவில் கடலூர் மீன் விலை, முனிசிபாலிட்டி குழாய், மருமகள்களின் பொறுமை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். எனக்கோ மத்தியானச் சமையல் காத்திருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பூட்டுவதற்குத் தயார் பண்ணுகிற மாதிரி ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தேன். பழைய கதவுகள், ஒவ்வொன்றும் சாத்தும்போது டமார் என்று சத்தம் போடும்.

அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். “கலாம்மா ஜன்னல் சாத்திட்டாங்க. ஆமென்” என்றார். கூடமே சிரித்துக்கொண்டு ஆமென் சொன்னது. அதற்குப் பிறகு அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. பசித்த பிள்ளைகள் நடுப் பிரசங்கத்தில் திரும்பி என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்ப்பார்கள்.

முன் வரிசையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்கிற ஒருத்தி உண்டு. அவர் மகள் எஸ்தர். அப்போது தட்டச்சு படித்துக்கொண்டிருந்தாள். பிறகு தேர்வு எழுதி, எங்கள் அலுவலகத்துக்கே வேலைக்கு வந்தாள். திங்கள் முதல் சனிவரை அவளுடைய மேசையும், ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பாயும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். “எனக்கு மட்டும் ஏழு நாளும் ஆபீசு” என்பாள்.

### சந்தனம் வைத்த ஆர்மோனியம்

சபையின் ஆர்மோனியப் பெட்டியை வாரா வாரம் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று கூடத்தின் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாங்கள் கூடத்தைக் கழுவி, தட்டச்சு எந்திரம், சைக்ளோஸ்டைல் மெஷின், அளவுச் சங்கிலி, பேப்பர் குத்துகிற ஊசிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். பியூன் கோவிந்தன் கையில் கிண்ணத்தைக் கொடுத்தால் எதையும் விட மாட்டார். ஒரு வருஷம் ஆர்மோனியத்துக்கும் மூன்று பக்கமும் பட்டையாகச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, மேலே ஒரு முழம் கதம்பம்.

பூஜை முடிந்து வந்த ஞாயிறு அதைப் பார்த்த சபையின் பெரியவர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. “உபதேசியாரே, இது இன்னா கூத்து? தண்ணி போட்டுத் தொடைங்க” என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கச் சொல்லி யாரும் வரப்போவதில்லை என்றே நினைத்தேன்.

ஆபிரகாம் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “வேல செய்யற சாமானுக்கெல்லாம் வச்சிருக்காங்க அண்ணே. நம்ம பொட்டியும் வேல செய்யுதுன்னு நெனச்சிருக்காங்க. சந்தோஷப்பட வேண்டியதுதான்” என்றார். பூவை மட்டும் எடுத்து முன்னால் இருந்த சின்னப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து வாசிக்கச் சொன்னார். அந்தப் பெரியவருக்குக் கோபம் தீரக் கொஞ்ச நாள் ஆனது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவரும் அடுத்த ஞாயிறு வந்தார்.

### காணிக்கைப் பையில் ஒரு மனு

இதைச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், “நீ கட்டிவிட்ட கதை” என்பார். கட்டவில்லை. நான் கண்ணால் பார்த்தது.

கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, அறுவடை மும்முரத்தில் கிழமையை மறந்துவிட்டு, ஒரு ஞாயிறு முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். அப்பா பெயரில் இருந்த பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு மனு. கதவு திறந்திருக்கிறது, வாசலில் செருப்பு நிறைய இருக்கிறது, கூடம் கொள்ளாத கூட்டம். மனு வாங்கும் நாள் போலிருக்கிறது என்று சந்தோஷமாக உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் எழுந்தால் எழுந்தார், கண்ணை மூடினால் மூடினார். பாட்டு வந்தபோது மெல்லக் கைகூடத் தட்டினார். புதிதாக யாரோ வந்திருக்கிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம் காணிக்கைப் பை வந்தது. நீளக் கம்பில் கட்டிய சிவப்புத் துணிப்பை, வரிசையாக எல்லோர் முன்னாலும் நீட்டிக்கொண்டே வருவார்கள். எல்லோரும் எதையோ போடுவதைப் பார்த்தார். மடியிலிருந்து மனுவை எடுத்து, நான்காக மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் போட்டார்.

ஆராதனை முடிந்து பையைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உபதேசியார் ஜிப்பா பறக்கத் தெருவுக்கு ஓடினார். விவசாயி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, இன்னிக்கி ஞாயித்துக்கெழம. இது ஆராதன” என்று ஆபிரகாம் விளக்கினார்.

“அப்டிங்களா?” என்றார் அவர். “நானும் பாக்குறேன், இத்தினி ஆபீசு ஏறி எறங்குறேன், எங்கியும் உக்காரச் சொன்னது கெடையாது. இங்க பாய் போட்டு, பாட்டுப் பாடி மனு வாங்குறாங்களேன்னு நெனச்சேன்.”

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஆபிரகாம் அந்த மனுவோடு வந்து நின்றார். நம் சபைப் பையில் விழுந்தது, நாம்தான் சேர்ப்பிக்க வேண்டும் என்றார். பட்டா மாறும்வரை வாரா வாரம் அதிகாரியிடம் வந்து ஞாபகப்படுத்தினார். மாறியும்விட்டது. அந்த விவசாயி ஊருக்குப் போய் என்ன சொன்னாரோ, அதன் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் ஒருவர் இருவராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கூலி வேலையை விட்டுவிட்டு வார நாளில் வர முடியாதவர்கள். உபதேசியார் ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். பிரசங்கத்தை நீட்டுகிற மனுஷர், மனுவை மட்டும் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். “மனு படிக்கிறவங்களுக்குப் பொறும ஜாஸ்தி இல்ல கலாம்மா” என்றார்.

### கல்லில் இல்லாத பெயர்

ஒருவழியாகப் பின் தெருவில் புதுக் கோவில் கட்டப் பணம் சேர்ந்தது. அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டிய வாரத்தில் ஆபிரகாம் காலமானார். முந்தின ஞாயிறுகூட எங்கள் கூடத்தில் நின்று பேசிய மனுஷர்.

கோவில் எழும்பியது. சலவைக்கல் தரை, உயர்ந்த கோபுரம், நல்ல மணி. திறப்பு விழாக் கல்லில் பேராயர் பெயர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், காண்டிராக்டர் பெயர் எல்லாம் இருக்கின்றன. கட்டும்போது இருந்தவர்கள் பெயரைத்தான் போடுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் உபதேசியார் பெயர் எங்கும் இல்லை.

இப்போதிருக்கும் போதகர் நல்ல பையன். வருஷாந்திர ஆராதனையில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று எஸ்தரிடம் சொன்னார். வாலிபர்களுக்கோ இந்தப் பழைய கதையில் கொஞ்சம் கூச்சம். இவ்வளவு பெரிய கோவில் இருக்கும்போது, கட்டுகளுக்கு நடுவில் பாய் போட்டுக் கும்பிட்டதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பையன் கேட்டே விட்டான்.

“கோவில்ல சொல்றது இருக்கட்டும் கலா” என்றாள் எஸ்தர். “எங்கப்பா அந்தக் கோவில்ல ஒரு நாளும் நிக்கல. அவருக்குக் கோவிலுன்னா நம்ம ஆபீசுதான். அவரு நின்ன எடத்துல, அது இருக்கும்போதே, அவரு பேர ஒரு தடவ சத்தமா சொல்லணும். இங்க ஆராதன நடத்துனாருன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

இதற்காகத்தான், இப்போது குடியிருக்கும் சிதம்பரத்திலிருந்து நான் பஸ் ஏறி வந்திருந்தேன். இதற்காகத்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

### கட்டிடத்துக்கும் வயதாகிறது

டீ தீர்ந்துவிட்டது, பேச்சும் தீர்ந்துவிட்டது. எழுந்திருக்கலாம் என்று எஸ்தர் பையை எடுத்தாள். அப்போது தலைமை எழுத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாதக் கடைசியில் இரவுக் காவலர் ஓய்வு பெறுகிறார், பிரிவு உபசார விழாவுக்கு மைக் செட்டுக்கும் மிக்சருக்கும் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

“தாராளமா சொல்லுங்க. இதுக்கெல்லாம் எதுக்கு என்ன கேக்கறீங்க?” என்றார் மேடம்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரிவு உபசார விழாவுக்கு யார் அனுமதியும் வேண்டாம். மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், யார் வேண்டுமானாலும் பேசுவார்கள், ஒருவராவது பாடுவார். சண்டை போட்டுக்கொண்டவர்களே அன்றைக்குக் கட்டிப் பிடித்து அழுவார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “மேடம், காவலர் மட்டுமா? இந்தக் கட்டிடமும் இந்த மாசக் கடைசியிலதான் ரிட்டயர் ஆவுது. அதுக்கு யாரும் ஒரு பொன்னாடை போத்த மாட்டீங்களா?” என்றேன்.

மேடம் சிரித்தார். நாங்கள் உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன், அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது மெல்லப் புரிந்தது.

“பில்டிங்குக்குப் பிரிவு உபசாரம். அதுல இங்க வேல செஞ்சவங்க எல்லாரையும் கூப்புடலாம்” என்றார். “ஜெபம் வேணாம்மா, காணிக்க வேணாம். வந்து உக்காரலாம், பேசலாம், பாடலாம். எஸ்தரம்மா, உங்கப்பா இந்த ஆபீசுக்குன்னு ஏதாவது செஞ்சிருக்காரா? சொல்றதுக்கு எனக்கு ஒண்ணு வேணும்.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்மாபுரத்து விவசாயி கதையை ஆரம்பித்தேன். மேடம் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெளியே வரும்போது ஆளுக்கு நாலு பலாச்சுளை கொடுத்து அனுப்பினார்.

### கொத்சும் கவலையும்

விழாவுக்கு முந்தின நாள் எஸ்தர் சிதம்பரத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் கவலை வந்தால் பசிக்கும். கீழவீதிக்கு அழைத்துப் போய் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சுற்றிலும் தேர் வீதியில் வண்டிகள் போய்க்கொண்டிருக்க, மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

“மேடம் மனு எழுதுனத மட்டும்தான் சொல்லுவாங்க கலா. எனக்குத் தெரியும். ஆராதனன்னு வாயத் தொறக்க மாட்டாங்க.”

“பேராவது சொல்றாங்களே, விடுடி.”

“எப்பிடி விடறது? எங்கப்பா மனு எழுதவா அங்க வந்தாரு? ஆராதனைக்கு வந்தாரு. வந்த எடத்துல மனு எழுதுனாரு. அத மாத்திச் சொன்னா அது எங்கப்பா இல்ல. வேற யாரோ.”

 மேடத்தையும் குறை சொல்ல முடியாது, அவர் ஏற்கனவே தன் பயத்தைத் தாண்டி வந்திருந்தார். இரண்டாவது காபி சொன்னேன். எங்களோடு வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “ரெண்டு பேரும் ரிட்டயர் ஆன பெறகுதான் ஒழுங்கா ஆபீசு வேல பாக்குறீங்க” என்றார். எஸ்தர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

### தூணுக்குப் பொன்னாடை

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. இரவுக் காவலருக்கு மாலை போட்ட பிறகு, கூடத்தின் நடுத் தூணுக்குப் பொன்னாடை போர்த்தப் போனார்கள். பழைய காலத்துத் தூண், ஒரு பொன்னாடை சுற்றி வரவில்லை. இரண்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பியூன் கோவிந்தன் பேரனின் பைக்கில் வந்து இறங்கினார். சபையிலிருந்து போதகரும் பெரியவர்களும் வந்தார்கள். கூச்சப்பட்ட வாலிபர்களும் வந்து, மிக்சர் பொட்டலங்களைத் தாங்களே எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

பேச்சுகள் நீண்டன. ஒருவர் இந்தக் கூடத்தில் தன் மேல் பல்லி விழுந்த கதையைச் சொன்னார். போதகரும் சில பெரியவர்களும் ஒரு பழைய கீர்த்தனையைப் பாடினார்கள். காவலர் தனக்காகத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை எழுந்து நின்று கைகூப்பினார்.

பிறகு மேடம் மைக்கைப் பிடித்தார். கட்டிடத்தில் பணியாற்றியவர்களை, தனக்குத் தெரிந்தவரை, ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். அதிகாரிகள், தலைமை எழுத்தர்கள், நில அளவர்கள், தட்டச்சர்கள், பியூன்கள். காலமானவர்கள் பெயர் வந்தபோது அவர்கள் வீட்டார் எழுந்து கும்பிட்டார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். 

“உபதேசியார் ஆபிரகாம்” என்றார் மேடம்.

 கையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை.

“இவரு நம்ம துறையில சம்பளம் வாங்குனவரு இல்ல. பல வருஷம் ஞாயித்துக்கெழம தவறாம இந்த ஹாலுக்கு வந்தாரு. இங்க ஆராதன நடத்துனாரு. முடிஞ்சதும் அந்த வராந்தாவுல உக்காந்து, வந்தவங்களுக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தாரு. இந்தக் கட்டிடத்துல வேல செஞ்சவங்கள்ல அவரும் ஒருத்தரு.”

சபையார், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்ததும், எங்கள் ஆபீஸ் ஆட்களும் எழுந்து நின்றார்கள். முன் வரிசையில் கோவிந்தன் எழ முடியாமல் கைகளைத் தூக்கிக் கும்பிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கு அப்படி அழுவதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

எஸ்தரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு வாரமாக எழுதி எழுதித் திருத்திய பேச்சு அவளுடைய பையில் இருந்தது. எடுக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடம் அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தது. எனக்கும் அந்தப் பயம்தான்.

எங்கள் உத்தியோகத்தில் ஒரு விதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால், அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். ஈடுசெய் விடுப்பு என்பார்கள்.

“மேடம்” என்றாள் எஸ்தர். “நீங்களே சொல்லிட்டீங்க, எங்கப்பாவும் இங்க வேல செஞ்சவருதான்னு. அவரு வந்ததெல்லாம் ஞாயித்துக்கெழம. ஒரு நாளும் லீவு எடுத்ததில்ல. அப்ப அவருக்குச் சேர வேண்டிய ஈடுசெய் விடுப்பெல்லாம் அப்பிடியே பாக்கி நிக்குது. அதுக்கு இன்னா பண்ணப்போறீங்க?”

கூடம் மொத்தமும் சிரித்தது. ஆபீஸ் ஆட்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அவரு இப்ப அந்த லீவுலதாம்மா இருக்காரு” என்றார்.

சிரிப்பு அடங்கியது.  எஸ்தர் மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.